ஓட்டேரி சிலம்பக் கூடம்: எடை தூக்குகிற ஒருத்தியின் ஏழு மாத அனுபவம்

நாலு வருஷமாகக் கொளத்தூரில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். போன ஆகஸ்ட் கடைசியில் சிலம்பமும் சேர்ந்தேன். இந்த மார்ச்சோடு ஏழு மாதம் முடிந்தது. ஜிம்மில் என்னோடு எடை தூக்குகிற இரண்டு பெண்கள், அப்புறம் காலையில் வருகிற பையன்கள் சிலர், விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடம் எப்படி இருக்கு, நாங்களும் வரலாமா, உடம்பு இறங்கிடாதா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

கூடத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஓட்டேரி நல்லா கால்வாய்க்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. அதன் பின்னால் இருபதுக்கு நாற்பது அடி மண்தரை, ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை. அவ்வளவுதான் இடம். செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை வகுப்பு. மாதம் 800 ரூபாய், சேரும்போது தனியாக எதுவும் வாங்குவதில்லை. கம்பு 250 ரூபாய்க்கு அங்கேயே கிடைக்கும். சீருடை கட்டாயமில்லை. நான் டிராக் பேன்ட்டும் ஜிம் டி-ஷர்ட்டும்தான் போடுகிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடம் எனக்கு ஏன் பிடித்தது என்பது என் வேலையோடு சேர்ந்தது. வயது 33. பெரம்பூரில் ஒரு லேபில் டெக்னீஷியன். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பத்து மணிக்குள் நாற்பது பேருக்காவது ரத்தம் எடுக்க வேண்டும். என் விரல்தான் என் சம்பளம். அதனால் கைக்கு ஆபத்து வருகிற எதிலும் எனக்குப் பயம் உண்டு.

அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. இரண்டு வருஷம் முன்பு வேறொரு இடத்தில் குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டாவது வாரமே கையில் துணி எதுவும் சுற்றாமல், கடன் வாங்கிய கிளவுஸைப் போட்டு, கனமான மணல் மூட்டையில் குத்தச் சொன்னார்கள். அதற்குள் இரண்டு வருஷம் ஜிம் போயிருந்த உடம்பில் தோளிலும் முதுகிலும் பலம் இருக்கும். அந்த பலத்தைத் தாங்கும் அளவுக்கு மணிக்கட்டு பழகியிருக்காது. பலமாகக் குத்தினேன், மணிக்கட்டு மடங்கிவிட்டது. பதினெட்டு நாள் கட்டுப் போட்டிருந்தேன். லேபில் என்னை ரிப்போர்ட் டைப் அடிக்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். குத்துச்சண்டைக்காரர்கள் நாலரை மீட்டர் நீளத் துணியை விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சுற்றிவிட்டுத்தான் கிளவுஸ் மாட்டுவார்கள் என்பதையே நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே சொல்லித்தர வேண்டிய விஷயம் அது.

எடை தூக்கிப் பழகியவர்கள் ஒரு சண்டைக் கலைக்குப் போனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். புதிதாக வருகிற ஒல்லியான பையனுக்கு அவன் பலத்தால் அவனையே காயப்படுத்திக்கொள்ள முடியாது. நமக்கு முடியும். இதைப் புரிந்துகொண்ட மாஸ்டர் கிடைக்க வேண்டும்.

ஓட்டேரி மாஸ்டருக்கு அறுபது வயது இருக்கும். முதல் நாள் என் கையில் கம்பைக் கொடுக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். என்ன வேலை பார்க்கிறாய், எந்தெந்த நாள் வெயிட் அடிக்கிறாய், எந்த மூட்டு வலிக்கிறது. ஒரு பழைய கணக்கு நோட்டில் மூன்றுக்கும் பதிலை எழுதிக்கொண்டார். அப்புறம் கொட்டகைச் சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்காமல் இரண்டு கையையும் மேலே தூக்கி, கட்டைவிரலால் சுவரைத் தொடச் சொன்னார்.

தொட முடியவில்லை. வலது பக்கம் நாலு விரல் இடைவெளி, இடது பக்கம் மூன்று. இடுப்பை முன்னால் தள்ளினால் தொட முடிந்தது. "இடுப்பு வேணாம்மா, தோள் மட்டும்" என்றார். எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. 40 கிலோவைத் தலைக்கு மேல் தூக்குகிற தோள் அது. வருஷக்கணக்கில் பெஞ்ச் பிரஸ்ஸும் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) புல்-டவுனும் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது) போட்டதில் மார்பும் முதுகின் பக்கத் தசையும் இறுகி, கையை முன்னாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. இத்தனை நாள் தலைக்கு மேல் எடை போகும்போதெல்லாம் நான் இடுப்பை வளைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஜிம்மில் யாரும் சொல்லவில்லை. எடை மேலே போகிறதா என்று மட்டும்தான் பார்த்தோம்.

முதல் ஆறு வகுப்பு வெறும் கர்லாக்கட்டையும் காலடியும்தான். கர்லாக்கட்டை என்றால் நம் தாத்தா காலத்து உடற்பயிற்சிக் கட்டை. கைப்பிடி ஒல்லியாக, அடிப்பக்கம் பருத்து இருக்கும். இங்கே மூன்று அளவு வைத்திருக்கிறார், முன்னால் இருக்கும் மரப்பட்டறையிலேயே கடைந்தது. சின்னது மூன்று கிலோ. வலது கையில் பிடித்து, இடது தோளுக்கு மேலாக முதுகுக்குப் பின்னால் இறக்கி, வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவர வேண்டும். மூன்று கிலோதானே என்று எடுத்தேன். பதினைந்தாவது சுற்றில் தோள்பட்டைக்கு உள்ளே, எந்த டம்பெல்லும் போய்த் தொடாத ஓர் இடத்தில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. தோள் மூட்டை அதன் கிண்ணத்திலேயே பிடித்து வைக்கிற சின்னத் தசைகள் நான்கு உண்டு. மேலே தெரிகிற பெரிய தசை வளர்வதற்கு நாம் நேரம் ஒதுக்குகிறோம், உள்ளே இருக்கிற இந்த நான்கையும் கவனிப்பதில்லை. ஏழு மாதத்தில் இப்போது இடது கட்டைவிரல் சுவரைத் தொடுகிறது. வலதில் இன்னும் ஒரு விரல் பாக்கி. தலைக்கு மேல் தூக்கும் எடை 40-லிருந்து 45 ஆனது. அதற்காக நான் ஜிம்மில் புதிதாக எதுவும் செய்யவில்லை.

காலடி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மாஸ்டர் சிறு பையனாக இருந்தபோது, 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிக் குத்துச்சண்டை போட்டார். அப்பா தோளில் ஏறிப் பார்க்கிற வயசு தாண்டியிருந்தாலும் கூட்டத்தில் அப்படித்தான் பார்த்தாராம். வடசென்னையில் அப்போது குத்துச்சண்டை என்றால் உயிர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்களாகத் தெருத்தெருவாகப் பிரிந்து நின்ற ஊர் இது. "எல்லாரும் கையப் பாத்தாங்க, எங்கப்பா மட்டும் காலப் பாருடான்னாரு" என்று அதை எங்களுக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதே அவர் கால் தானாக மண்ணில் நகரும்.

மண்ணில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கும். அதில் முன்னால் ஒரு வைப்பு, பக்கவாட்டில் ஒரு வைப்பு, திரும்பல், பின்வாங்கல். உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். ஜிம்மில் நாம் இரண்டு காலையும் ஊன்றி நின்றேதான் எல்லாம் செய்கிறோம். ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிற்பது), பிரஸ், எதுவானாலும் கால் நகர்ந்தால் தப்பு. இங்கே கால் நின்றால் தப்பு. 80 கிலோ ஸ்குவாட் போடுகிற என் கால், ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றித் திரும்பும்போது முதல் மாதம் முழுக்கத் தள்ளாடியது. எனக்குக் காலடி சொல்லிக்கொடுத்தது மாஸ்டர்கூட இல்லை. ஆறாவது படிக்கிற ஒரு பெண். முப்பது கிலோ இருந்தால் அதிகம். "அக்கா, குதிகால் தூக்குங்க. அக்கா, கண்ணு கீழ பாக்குது." அவ்வளவு பொறுமையாகச் சொல்வாள். மூன்றாவது மாதம் தடுப்புப் பழகுவதற்காக மட்டும் அவளோடு கம்பு பிடித்து நின்றபோது, நான் பலமாக இறக்கிய கம்பை அவள் தடுக்கவே இல்லை. பக்கத்தில் ஓரடி நகர்ந்து, என் கம்பின் மேல் தன் கம்பை வைத்து ஒரு திருகு. என் கம்பு மரப்பட்டறைத் தகரத்தில் போய் மோதியது. நான் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க யோசித்தேன்.

கம்பு என் கையை விட்டுப் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அதை நசுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எடை தூக்குகிற எல்லாருக்கும் இதே பிரச்சினை வரும்.

டெட்லிஃப்டில் கம்பி கைக்குள் சுழலக் கூடாது. ஐந்து விரலையும் இறுக்கிப் பூட்டுவதுதான் அங்கே பிடி. நாலு வருஷம் அப்படியே பழகிய கைக்கு, நீளமாக எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் பிடிக்கத் தெரியும். சிலம்பத்தில் கம்பு கைக்குள்ளேயே உருண்டு, உள்ளங்கையிலிருந்து புறங்கைப் பக்கம் போய்த் திரும்ப வர வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கம்பை விடாமல் வைத்திருக்கும். மற்ற மூன்று விரலும் கதவு மாதிரி திறந்து மூடும். நான் மூடியே வைத்திருந்தேன். பத்து நிமிஷத்தில் முன்கை கல்லாகிவிடும், அப்புறம் கம்பு சுற்றாது, நான்தான் கம்போடு சுற்றுவேன். கணுக்காலிலும் முழங்காலிலும் நானே அடித்துக்கொண்ட நீலத் தழும்புகள்.

ஒரு வியாழக்கிழமை மாஸ்டர் வந்து என் கம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். தரையில் கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஊசி எப்படிம்மா புடிப்ப?"

காட்டினேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் சும்மா ஒரு தாங்கல். குச்சியின் நுனியை அவர் சுண்டிப் பார்த்தார். நுனி ஆடியது, குச்சி கையைவிட்டுப் போகவில்லை.

"இறுக்கிப் புடிச்சா என்னாவும்?"

"நரம்பு கிடைக்காது மாஸ்டர். கை நடுங்கும், அவங்களுக்கும் வலிக்கும்."

"அந்தக் கையத்தான் நான் கேக்கறேன். நீ ஜிம்மு கையத் தூக்கினு வர்ற. கம்பு எங்கியும் ஓடிடாதும்மா."

கம்பைத் திரும்பக் கொடுத்தார். அன்று வகுப்பு முடிகிறவரை மெதுவாகத்தான் சுற்றினேன், வேகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முடியப்போகிற நேரத்தில் ஒரு சுற்றில் கம்பு காற்றைக் கிழித்து 'ஹூம்' என்று ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன்னால் என் கம்பிலிருந்து அந்தச் சத்தம் வந்ததே இல்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் புதிதாக ஒரு எடை ஏறும்போது கிடைக்கிற சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அதைவிடப் பெரிது.

சரி, உடம்பு இறங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பது இதுதான்.

ஜிம்மில் எல்லா டிரெய்னரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள், கார்டியோ (ஓட்டம் மாதிரி மூச்சு வாங்க வைக்கிற பயிற்சி) அதிகமானால் மசில் போய்விடும் என்று. இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1980-ல் வெளியிட்டது. ஒரு குழு பத்து வாரம் எடை மட்டும் தூக்கியது, இன்னொரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், மூன்றாவது குழு இரண்டும். எடை மட்டும் தூக்கியவர்களின் கால் பலம் கடைசி வரை ஏறியது. இரண்டையும் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரம் வரை ஏறி, அப்புறம் நின்று, கடைசியில் இறங்கவே ஆரம்பித்தது. ஆனால் அவர்கள் செய்த அளவைப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் எடை, அதோடு ஆறு நாள் மூச்சு வாங்க ஓட்டமும் சைக்கிளும். சிலம்பம் வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், அதிலும் பாதி நேரம் நின்று பார்ப்பதும் திருத்திக்கொள்வதும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அதற்காக ஒன்றுமே ஆகாது என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஆனது. சேரும்போது என் எடை 62 கிலோ, டெட்லிஃப்ட் 95. ஆறாவது வாரம் டெட்லிஃப்ட் 85-க்கு இறங்கியது. பயந்துபோனேன். யோசித்துப் பார்த்தால் காரணம் சிலம்பத்தில் இல்லை, நான் நாள் பிரித்த விதத்தில் இருந்தது. திங்கள் டெட்லிஃப்ட், செவ்வாய் கம்பு, புதன் கால் பயிற்சி, வியாழன் கம்பு. முன்கையும் தொடையும் ஆறுவதற்கு ஒரு நாள்கூட விடவில்லை. திங்கட்கிழமை கம்பியைப் பிடித்துக் களைத்த விரலோடு செவ்வாய்க்கிழமை கம்பு எடுத்தால் அது பறக்கத்தான் செய்யும்.

மாஸ்டர்தான் அந்தக் கணக்கு நோட்டை எடுத்து வந்து மாற்றிக் கொடுத்தார். இப்போது டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் ஞாயிறு காலை, திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் கம்பு. புதன் பெஞ்சும் தோளும். வியாழன் கம்பு. வெள்ளி முதுகு, அதுவும் பிடியைச் சோதிக்கிற புல்-அப் எல்லாம் குறைத்து, ஸ்ட்ராப் (கையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் பட்டை) போட்டு. சனி கம்பு. இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் கம்புதான் முதலில், எடை அப்புறம். களைத்த கை புது அசைவைத் தப்பாகக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அதை மறக்கடிக்க இரண்டு மடங்கு நாள் ஆகும் என்பார். நாலாவது மாதம் டெட்லிஃப்ட் 95-க்குத் திரும்பியது. இப்போது 100. உடல் எடை 60.5. இடுப்பில் ஒன்றரை அங்குலம் குறைந்திருக்கிறது, தொடையும் கையும் டேப்பில் அப்படியேதான் இருக்கின்றன.

சாப்பாட்டையும் கூட்ட வேண்டியிருந்தது. தசை வளர்க்கிறவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு, எனக்கு அது நூறு கிராமுக்குப் பக்கம். நாலு முட்டையில் 24 கிராம். ஐம்பது கிராம் மீல் மேக்கரில் 25-க்கு மேல். வாரத்தில் நாலு நாள் அம்மா காசிமேட்டிலிருந்து வாங்கி வருகிற கானாங்கெளுத்தி. மீதி பருப்பும் தயிரும் சுண்டலும். முதல் இரண்டு மாதம் புரதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு சோற்றைக் குறைத்தே வைத்திருந்தேன், அது தப்பு. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமோ ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழோ குடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஏழரை மணிக்கு மேல் கண் இருட்டுவது நின்றது. மாஸ்டர் வீட்டு அக்கா சனிக்கிழமைகளில் கூழும் மோர் மிளகாயும் கொண்டுவருவார், காசு வாங்க மாட்டார்.

வார்ம்-அப் விஷயத்தில் இந்த இடத்துக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். இருபது நிமிஷம், யார் வந்தாலும் விலக்கு இல்லை. எங்கள் ஜிம் சுவரில் பெரிய புரூஸ் லீ படம் ஒன்று இருக்கிறது. அவரே 1970-ல் தோளில் பாரத்தை வைத்துக் குனிந்து நிமிரும் பயிற்சியில் முதுகைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். அந்தப் படத்துக்குக் கீழே நின்றே பையன்கள் நேரடியாக கம்பியில் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இங்கே கற்ற தோள் சுழற்சியையும் இடுப்புச் சுழற்சியையும் செய்யாமல் ஜிம்மில் எதையும் தொடுவதில்லை.

பெண்களுக்கு இடம் எப்படி என்று கேட்டவர்களுக்கு: வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். என் வயதில் இன்னும் இருவர் இருக்கிறார்கள். திருத்தும்போது மாஸ்டர் கையால் தொட மாட்டார், தன் கம்பின் நுனியால் முழங்கையையோ முழங்காலையோ தட்டிக் காட்டுவார். அது எனக்குப் பெரிய நிம்மதி. உடை மாற்றக் கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் சரியில்லை, ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். கழிவறை மாஸ்டர் வீட்டில்தான், நாலு வீடு தள்ளி. இந்த இரண்டையும் அவரிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். தாழ்ப்பாள் மாற்றுவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

எட்டு மணிக்கு மேல் பஸ்ஸில் திரும்புவதில் எனக்குப் பிரச்சினை வந்ததில்லை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் செலவும் இல்லை. கம்பை மட்டும் ரெக்ஸின் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்படியே கொண்டுபோனால் ஏறும்போதே கண்டக்டர் கேட்பார், படியில் நிற்பவர்கள் மேல் படும். என் கம்பு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, நின்றால் என் புருவ மத்திக்கு வரும். அதுதான் அளவு. உயரமான கம்பு கேட்டு வாங்காதீர்கள், மாஸ்டர் அளந்து கொடுப்பதே சரியாக இருக்கும். மாதம் ஒருமுறை நல்லெண்ணெய் தடவி நிழலில் வைக்க வேண்டும். நான் ஒரு தடவை மொட்டை மாடி வெயிலில் மறந்துவிட்டேன், நீளவாக்கில் வெடித்துவிட்டது. இரண்டாவது கம்புக்கு இன்னொரு 250.

குறைகளை மறைக்கப் போவதில்லை. மழைக்காலத்தில் இந்த இடம் ஆகாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மண்தரை சேறாகிவிடும். நவம்பரில் மட்டும் ஐந்து வகுப்பு போயிற்று. கட்டணத்தில் கழிக்கவில்லை, ஜனவரியில் ஞாயிறு மாலைகளில் சேர்த்து எடுத்தார். ஞாயிறு காலை டெட்லிஃப்ட் போட்டுவிட்டு மாலை வகுப்புக்கு வருவது எனக்கு முடியவில்லை, அதனால் இரண்டைத் தவறவிட்டேன். கொசு மிக மோசம், கால்வாய்ப் பக்கம் என்பதால் ஒன்றும் செய்ய முடியாது. ஓடோமாஸ் பூசிக்கொண்டு போங்கள். இரண்டே டியூப்லைட், ஒரு மூலை இருட்டாக இருக்கும். அங்கே கம்பு சுற்ற நான் ஒப்புக்கொள்வதே இல்லை. முதலுதவிப் பெட்டி இல்லாமல் இருந்தது. லேபிலிருந்து சொல்லி வாங்கி நான்தான் ஒன்றைக் கொட்டகை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமைக் கூட்டம் இன்னொரு தொல்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பத்தை டெமோ விளையாட்டாகச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர் அதிகமாகிவிட்டார்களாம். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் சனிக்கிழமை அந்த மண்தரையில் முப்பத்தைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் கம்பு வீச்சுக்கு இன்னொருவர் தலை எட்டுகிற தூரம். இரண்டு தொகுதியாகப் பிரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பெரியவர்கள் புதிதாகச் சேர்வதாக இருந்தால் செவ்வாய் அல்லது வியாழன் வந்து பாருங்கள், பதினைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், மாஸ்டர் பக்கத்தில் வந்து நிற்பார்.

யார் இப்போதைக்குச் சேர வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மேடைப் போட்டிக்கு நாள் குறித்து, சோற்றைக் குறைத்து உடம்பை வற்ற வைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த மூன்று மாதமும் வர வேண்டாம். எங்கள் ஜிம்மில் ஒரு தம்பி ஆணழகன் போட்டிக்குத் தயாராகும்போது ஆர்வத்தில் என்னோடு வந்தான். பசியில் கவனம் நிற்காமல் இரண்டாம் வகுப்பிலேயே பக்கத்துப் பையன் கம்புக்குள் நடந்துபோனான். புருவத்தில் மூன்று தையல். போட்டி முடிந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப வந்தான், இப்போது ஒழுங்காக வருகிறான். அதேபோல சண்டை போடக் கற்றுக்கொண்டு ஒரு மாதத்தில் யாரையாவது அடிக்க வேண்டும் என்பவர்களுக்கும் இது சரிவராது. ஆறு மாதம் வரை இங்கே யாரையும் எதிரெதிரே நிற்கவைத்துத் தொடுமுறைக்கு, அதாவது எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கிற ஆட்டத்துக்கு, விடுவதில்லை. என் மணிக்கட்டை நினைத்தால் இந்தத் தாமதத்துக்காகவே 800 ரூபாய் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

லேபில் ஒரு மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் முப்பது பேருக்கு மேல் ஊசி பிடித்தால் வலது கட்டைவிரல் அடியில் ஒரு வலி வரும். டெட்லிஃப்ட் மறுநாள் என்றால் இன்னும் அதிகம். டிசம்பரிலிருந்து அந்த வலி இல்லை. கம்பில் மூன்று விரலைத் திறந்து மூடிப் பழகியதாலா, ஞாயிற்றுக்குப் பிறகு திங்கள் ஓய்வு கிடைப்பதாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போன வாரம் ஒரு பாட்டி, எழுபத்தைந்து வயதிருக்கும், இரண்டு லேபில் நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் கன்றிப்போய் வந்தார். புறங்கையில் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. ஒரே குத்தில் கிடைத்தது. "வலிக்கவே இல்லம்மா" என்றார். அன்றைக்கு வியாழன். சாயங்காலம் மாஸ்டரிடம் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டு "வலது காலு பின்னால போவுது பாரு" என்று காட்டிவிட்டு நகர்ந்தார்.

இந்த மாதம் என்னைத் தொடுமுறைக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறார். எதிரில் நிற்கப்போவது அதே ஆறாம் வகுப்புப் பெண். தலைக்கவசம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. பெரியமேட்டில் ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கிற ஸ்போர்ட்ஸ் கடைகளில் பார்க்கச் சொன்னார். புதன்கிழமை பெஞ்ச் முடித்துவிட்டுப் போய் வாங்க வேண்டும்.